நாலு வாளித் தண்ணீரும் ஒரு சுண்ணாம்புச் சூளையும்

தீயைக் கண்டால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எனக்கு ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். படித்ததில் உருப்படியாக நினைவில் நின்றது அது ஒன்றுதான். அதைச் செய்து காட்டியதற்குத்தான் இத்தனை வருடமாக என்னைக் கேலி செய்கிறார்கள். இது நியாயமா?

தொண்ணூறுகளின் கடைசி. திருவனந்தபுரம் சாலைக் கம்போளக் கடைத்தெருவில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. எனக்கு ஓர் ஆபீசில் குமாஸ்தா வேலை. பெண் பார்க்கக் கடினங்குளம் காயலோரம் போனோம். பெண் பெயர் வசந்தா. அவள் அப்பா செல்லையா, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து அங்கே சுண்ணாம்புச் சூளை வைத்தவர். காயலில் வாரிய சிப்பியைக் கரியோடு அடுக்கி, விசிறிச் சக்கரம் சுற்றிச் சுட்டெடுப்பார்கள்.

பார்த்த கணமே எனக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. (அவளும் என்னையே பார்ப்பதாக நினைத்தேன். அவள் பார்த்தது என் சட்டையில் நான் சிந்திய பாயசத்தை.)

"உள்ள எல்லாரும் பேசட்டும். தம்பி வாங்க, சூளையக் காட்டறேன்" என்று செல்லையா மாமா கூட்டிப்போனார். ஓலைக் கொட்டகையில் சுட்ட சிப்பி வெள்ளை வெளேரென்று மலைபோல் குவிந்திருந்தது.

"சுண்ணாம்பப் பத்தி வல்லதும் அறியுமா தம்பிக்கு?"

"எல்லாம் தெரியும் மாமா" என்றேன். (வெற்றிலையில் தடவுவார்கள் என்பது தெரியும்.)

என் வழக்கே இங்கேதான் தொடங்குகிறது. எல்லாம் தெரியும் என்று ஒருவன் சொன்னால் அப்படியே நம்பிவிடுவதா? ஒரு கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டாமா?

திடீரென்று மழை பிடித்தது. "ஓலை ரெண்டிடத்துல ஒழுகும். தார்ப்பாய் எடுத்துட்டு வரேன், இங்கயே நில்லுங்க" என்று மாமா ஓடினார். ஒழுகினால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. குறித்துக்கொள்ளுங்கள், சொல்லவில்லை.

ஓலை ஒழுகியது. சொட்டு விழுந்த இடத்தில் புஸ்ஸென்று புகை கிளம்பியது. (அது புகையல்ல, ஆவி என்று இப்போது ஆளாளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். அன்றைக்கு எங்கே போயிருந்தார்கள்?) குவியலுக்குள் நெருப்பு மிச்சம் கிடக்கிறது என்று முடிவு செய்தேன். வருங்கால மாமனாரின் சொத்து எரியும்போது நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் பெண் கொடுப்பாரா? மூலையில் தொட்டி நிறையத் தண்ணீர், பக்கத்தில் வாளி. ஊற்றினேன்.

குவியல் சீறியது. ஒரு வாளிக்கு அடங்காத தீக்கு இரண்டாவது வாளி ஊற்றுவதுதானே முறை? ஊற்றினேன். சிப்பிகள் படபடவென்று வெடித்தன. சோற்றுலை மாதிரி தளதளவென்று ஏதோ கொதித்தது. மூன்றாவது வாளி. "தீ! தீ! ஓடி வரணே! ஃபயர்!" என்று மூன்று மொழிகளில் அலறினேன். நாலாவது வாளி. வேட்டி எப்போது அவிழ்ந்தது என்று எனக்குத் தெரியாது. (தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் பேச விடுவதில்லை.)

ஐந்தாவது வாளியை ஒரு கை பிடித்து இழுத்தது. வசந்தா.

"மதி, மதி! வெளிய வாங்க! கண்ணுல தெறிச்சா பார்வை போயிரும்!" (மதி என்றால் மலையாளத்தில் போதும்.)

"தீ..."

"எங்க தீ? நீங்க ஊத்துற தண்ணியிலதான் அது கொதிக்குது!"

தார்ப்பாயோடு வந்த மாமா அப்படியே நின்றுவிட்டார். "மூணு நாள் சக்கரம் சுத்திச் சுட்டது! அளந்து தெளிச்சா பொடியாவும். வயலுக்குக் கொடுக்க வேண்டிய பொடி இப்போ தோசை மாவாக் கிடக்கு! எடோ, எல்லாம் தெரியும்னல்லே சொன்னே!" (தம்பி போய் எடோ வந்துவிட்டது.) "பொண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. புறப்படு!"

தலையிலிருந்து கால்வரை வெள்ளையடித்த சுவராக நின்றேன். நியாயம் கேட்க வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

வசந்தா பேசினாள். "அப்பா, இதுக்கு முன்ன வந்த மூணு பேரும் என்னை ஒரு தடவை பாத்தாங்க, சூளைய ஒம்பது தடவை பாத்தாங்க. மாசம் எத்தனை சுடுவீங்கன்னு கேட்டாங்க. இவருக்குச் சுண்ணாம்பு என்ன சாதனம்னே தெரியல்ல. எனக்கு இவரே மதி."

புகழ்ந்தாளா, திட்டினாளா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மாமா ஒரு வாரம் முரண்டு பிடித்துவிட்டு இறங்கி வந்தார்.

கல்யாணத்தன்று தாரை வார்க்கும் நேரம். நீர்ச் சொம்பு என் பக்கமாக இருந்தது. மாமாவுக்கு எட்டட்டுமே என்ற நல்லெண்ணத்தில் அதை லேசாகத் தொட்டேன். அவ்வளவுதான்.

"மாப்ளே! வெள்ளத்துல கை வைக்கண்டா! நான் ஊத்திக்கிறேன்!"

மண்டபமே அதிர்ந்தது. நாதஸ்வரக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அத்தனையும் வீடியோவில் இருக்கிறது. வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் வசந்தா அதைப் போட்டுக் காட்டுகிறாள். தாலி கட்டுவதை ஓட்டிவிட்டு, இந்த இடத்தை மட்டும் இரண்டு முறை.