பத்தாவது கையெழுத்து

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. ஒரு பானை தெளுவை, அதான் பதநீரை, ஆட்டையாம்பட்டியில இருந்து சேலத்துக்கு பஸ்ஸுல கொண்டுபோறது. அவ்வளவுதான்.

மதுவிலக்கு கெடுபிடியா இருந்த காலம். நான் டைலர். ஒரு சாயங்காலம் ஓடைக்கரையில கள்ளும் கையுமா மாட்டினேன். கூட இருந்த நாலு பேரும் ஓடிட்டாங்க. நானும் ஓடினேன், போலீஸ் வந்த பக்கமா!

மாஜிஸ்ட்ரேட் நல்ல மனுஷன். "முதல் தப்பு. ஜெயில் வேண்டாம். வாரம் ஒரு மதுவிலக்கு வகுப்பு, பெரியாஸ்பத்திரியில ஒரு ஊசி, பத்து வாரம். ஒண்ணு தவறினாலும் உள்ள போகணும்"னு சொல்லி, நன்னடத்தை ஆபீசர்கிட்ட என்னை ஒப்படைச்சார். வாராவாரம் அவர்கிட்ட கையெழுத்து வாங்க ஒரு அட்டையும் குடுத்தாங்க.

ஜெயிலுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படல. என் மாமனாருக்குத்தான் பயந்தேன். பள்ளிபாளையத்துல தறி வச்சிருக்கறவர். ஒரு சொட்டுக் கள்ளு நாக்குல பட்டதில்லைன்னு ஊரு பூரா சொல்லிட்டுத் திரியறவர். விஷயம் தெரிஞ்ச அன்னைக்கே வந்து எம் பொண்டாட்டி ராசாத்தியைக் கூட்டிட்டுப் போயிட்டார்.

"குடிகாரன் இருக்கிற ஊட்டுல எம்பொண்ணு இருக்க மாட்டா! பத்துக் கையெழுத்தும் உழுகட்டும், அப்பறம் அனுப்பறேன்."

ஒன்பது வாரம் ஒழுங்காப் போனேன். ஊசி போட்ட கம்பவுண்டர், "இது என்ன ஊசிங்க?"ன்னு கேட்டா, "உனக்கு எதுக்கு? வலிக்குதில்ல? அதான் வைத்தியம்"னு சொல்லுவார். அதோட ஒரு கசப்பு மருந்தும் குடுப்பார். அதைக் குடிச்ச அன்னைக்குக் கள்ளு என்ன, காப்பியே இறங்காது. பத்தாவது ஊசியையும் முந்தின நாளே போட்டாச்சு. மிச்சம் ஒரே ஒரு வகுப்பு.

வகுப்பு எடுத்த பிரசாரகர் மெட்ராஸ்காரர். பனைமரத்தைப் படத்துல பாத்தவர்னு நினைக்கிறேன். ஒன்பதாவது வாரம், "கள்ளுக்கு மாற்று தெளுவு! அடுத்த வாரம் அதை எல்லோருமாகப் பருகி விடைபெறுவோம். யார் கொண்டு வருகிறீர்கள்?"னு கேட்டார்.

மத்த பதினாலு பேரும் தரையைப் பாத்தாங்க. தூக்கின கை என்னுதுதான். நல்ல பேரு வாங்கற ஆசை!

பத்தாவது வகுப்பு அன்னைக்கு விடிய மரமேறி பெரியண்ணன் தெளுவு இறக்கிக் குடுத்தார். உள்ள முழுக்கச் சுண்ணாம்பு தடவின பானை.

"சாமி, பானையை மட்டும் மாத்திப்புடாதீங்க. சுண்ணாம்பு இருக்கற வரைக்குந்தான் அது தெளுவு. இல்லைன்னா மத்தியானத்துக்குள்ள புளிச்சுக் கள்ளாப் போயிருங்க."

"எனக்குத் தெரியாதாங்க!" அப்படீன்னேன்.

ஊட்டுக்கு வந்து பாத்தேன். பானை வெளியெல்லாம் வெள்ளை வெள்ளையா வழிஞ்சிருக்கு. வாயில நாலு எறும்பு செத்துக் கிடக்கு. இதையா ஆபீசருக்கு முன்னால வைக்கறது? வடிகட்டி வேற பானையில ஊத்தினேன்.

ஊட்டுல ஓட்டையில்லாத பானை ஒண்ணுதான் இருந்துச்சு. பரண் மேல, கோணிக்குள்ள. என்னோட பழைய கள்ளுப்பானை. ஆறு வருஷம் எனக்காக உழைச்ச பானை. நல்லாக் கழுவினேன். ஒன்பது வாரத்துல நானே திருந்திட்டேன், பானை திருந்தாதான்னு ஒரு நம்பிக்கை.

மரமேறி சொன்னது? ஞாபகம் இருந்துச்சு. மத்தியானத்துக்குள்ள வகுப்பே முடிஞ்சுருமேன்னு ஒரு கணக்கு.

பஸ் பாதி வழியில நின்னுபோச்சு. டிரைவர் கீழ படுத்து என்னமோ பண்ணினார். ரெண்டு மணி நேரம் பானையை மடியில வச்சுக்கிட்டு வெயில்ல உக்காந்திருந்தேன். பானைக்குள்ள 'புசுபுசு'ன்னு நுரைக்கற சத்தம். பக்கத்து சீட்டுக்காரர் மோப்பம் பிடிச்சுட்டு, "ஏனுங்க, எங்க போறீங்க?"ன்னார்.

"மதுவிலக்கு வகுப்புக்குங்க."

அவர் எந்திரிச்சுப் பின்னால போய் உக்காந்துட்டார்.

வேர்த்து விறுவிறுத்து வகுப்புக்குள்ள நுழைஞ்சா, முன் பெஞ்சுல எங்க மாமனார்! பத்தாவது கையெழுத்தைக் கண்ணால பாக்கணும்னு பள்ளிபாளையத்துல இருந்து வந்திருக்கார். ஆபீசர் இன்னும் வரல. பானையை எங்கயாவது கொட்டிடலாம்னு திரும்பறதுக்குள்ள பிரசாரகர் வாங்கி மேஜை மேல வச்சுட்டார். மூடியிருந்த துணி தானா எந்திரிச்சு நின்னுச்சு.

"பொங்குகிறதே?"ன்னார்.

"அது... பஸ்ஸுல குலுங்குனதுங்க."

"உயிர்ச்சத்து!"ன்னு வகுப்பைப் பாத்துச் சொல்லிட்டு ஒரு டம்ளர் குடிச்சார். முகம் சுருங்கிச்சு. அப்பறம் விரிஞ்சுது. இன்னொரு டம்ளர் கேட்டார்.

மாமனார் ஒரு வாய் குடிச்சுட்டு, "மாப்ளே, புளிக்குதே?"ன்னார்.

"மாங்கா போட்டிருக்குங்க மாமா!"

"அதான பாத்தேன். உடம்புக்கு நல்லதுதான். ஊத்துங்க."

என் கூடப் படிச்ச பதினாலு பேருக்கும் முதல் மடக்குலயே தெரிஞ்சுபோச்சு. ஒருத்தரும் வாயைத் திறக்கல, குடிக்கறதுக்குத் தவிர! லாரி டிரைவர் அந்தோணி மட்டும் என் காதுல, "அண்ணே, பத்து வாரத்துல இன்னைக்குத்தான் பாடம் நல்லாப் புரியுது"ன்னார்.

பிரசாரகர் பேச்சு சூடு பிடிச்சுது. மூணாவது டம்ளருக்கப்புறம் மேஜை மேல ஏறி, "கள்ளை ஒழிப்போம்!"னு கத்தினார். மாமனார் எந்திரிச்சு நின்னு கை தட்டினார். அப்பறம் உக்கார மறந்துட்டார்.

அந்த நேரம் பாத்து ஆபீசர் வந்தார்.

வாசல்லயே நின்னு மோப்பம் பிடிச்சார். நேரா வந்து பானையை மோந்தார். எனக்குக் கண்ணு முன்னால ஜெயில் தெரிஞ்சுது. ராசாத்தி முகம் தெரிஞ்சுது. அழுதே போட்டேன்.

"யார் கொண்டாந்தது?"

"நாந்தானுங்க. காலையில தெளுவாத்தான் இருந்துச்சுங்க!"

"யார் யார் குடிச்சது?"

பதினாலு கையும் பிரசாரகரைக் காட்டுச்சு.

ஆபீசர் அவரைப் பாத்தார். மேஜையைப் பாத்தார். கேஸ் எழுதினா முதல் பேரு யாருதுன்னு அவருக்கும் தெரிஞ்சுபோச்சு. என் பக்கம் திரும்பி, "ஊது"ன்னார்.

ஊதினேன். பரிமாறின அவசரத்துல நான் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கல. கசப்பு மருந்து வாடை மட்டுந்தான் வந்திருக்கும்.

"இந்த ரூம்ல தெளிவா இருக்கறது நீ ஒருத்தன்தான்யா!" அப்படீன்னு அட்டையில பத்தாவது கையெழுத்தைப் போட்டுட்டு, பானையை அவர் கையாலயே சாக்கடையில கவுத்தார். அந்தோணி கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

மாமனாரைத் தோள்ல தாங்கிக் கூட்டிட்டு பள்ளிபாளையம் போனேன். வழி பூரா, "மாப்ளைன்னா நீங்கதான் மாப்ளே!"ன்னு பஸ்ஸுக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டு வந்தார்.

ராசாத்தி கதவைத் திறந்தா. என்னைப் பாத்தா, அவங்கப்பாவைப் பாத்தா. கிட்ட வந்து ரெண்டு பேரையும் மோந்தா. நான் அட்டையை நீட்டினேன். பத்தையும் விரல் வச்சு எண்ணினா. உள்ள போனவ பொட்டியோட வந்து நின்னா.

"குடிகாரர் இருக்கிற ஊட்டுல நான் இருக்க மாட்டேனுங்க அப்பா. பத்துக் கையெழுத்து வாங்குங்க, அப்பறம் வாரேன்."

அவ வந்து ரெண்டு வருஷமாச்சு. மாமனார் இன்னும் முதல் கையெழுத்தே வாங்கல.