பெண்ணை வெளிக்கிடுத்த ஆள் பிடிக்கலாமா?

தர்மபுரம்,
12.09.1999

என்றும் என் மரியாதைக்குரிய வீரம்மா அக்காவுக்கும் அத்தானுக்கும்,

தம்பி கனகலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே உண்டு, குளித்து, நடமாடிக்கொண்டு இருக்கிறோம். சவர்க்காரம் கிடைப்பதில்லை, ஆகவே குளித்தோம் என்பதை நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும். அங்கே உங்கள் எல்லோருடைய உடல்நலத்துக்கும் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் மாசியில் போட்ட கடிதம் ஆவணியில் என் கைக்கு வந்தது. வரும் தையில் நிரோசினிக்குக் கலியாணம் என்றும், அன்று அவளைச் சோடித்து வெளிக்கிடுத்த ரொறன்ரோவில் ‘ஸ்டைலிஸ்ற்’ என்று ஒரு பெண்ணைப் பிடிக்கச் சொல்கிறார்கள் என்றும், பொட்டு முதல் செருப்பு வரை எல்லாம் அவதான் தீர்மானிப்பாவாம், பெற்ற தாய் வாய் திறக்கக்கூடாதாம் என்றும் எழுதி, பிடிப்பதா விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். போன மாதம்தான் எங்கள் ரூபியின் கலியாணம் நடந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வேண்டாம். ஏன் என்பதைக் கதிரையில் ஆறுதலாக இருந்து வாசியுங்கோ.

ரூபியின் கூந்தல் இடுப்புக்குக் கீழே தொங்கும். துணுக்காய் ஊர் மாப்பிள்ளை குகதாசன் அவளைக் கோயிலில் வைத்துப் பார்த்தபோது கூந்தலைத்தான் பார்த்திருக்கவேண்டும், ஏனென்றால் அவள் வெட்கத்தில் மறுபக்கம் திரும்பி நின்றுவிட்டாள். எல்லாம் சரிவந்து நாளும் வைத்த பிறகு பிள்ளைக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. ஆள் தப்பியதே பெரிய காரியம் என்று நாங்கள் மூச்சுவிட்டபோது முடி சீப்போடு கற்றை கற்றையாக வரத் தொடங்கி, கடைசியில் மிச்சத்தையும் ஒட்ட வெட்டினோம். கலியாணம் நெருங்கியபோது அது காதை எட்டிப் பார்க்கிற அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு நான் “முடி கொஞ்சம் கொட்டிப்போச்சு” என்று சொல்லி அனுப்பினேன். அந்தக் ‘கொஞ்சம்’ என் வாயில் தானாக வந்தது. ரூபியோ, “இந்தத் தலையோடை நான் மணவறையிலை இருக்கமாட்டன் அப்பா, கலியாண நாளை மாத்துங்கோ” என்று அறையை விட்டு வெளியே வரவில்லை. நாளை மாற்றலாமா என்று கேட்டதற்கு மாப்பிள்ளையின் தாயார், “அப்பிடியெண்டா நாங்களும் ஒருக்கா யோசிக்கவேணும்” என்றா. கலியாணத்தில் ‘யோசிக்கவேணும்’ என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அப்போதுதான் என் வீட்டுக்காரி கமலாசனி, முள்ளியவளையில் இராசேஸ்வரி என்று பொம்பிளை வெளிக்கிடுத்துகிறவா ஒருத்தி இருக்கிறா, அவவைக் கூப்பிடுவோம் என்றாள்.

கலியாணத்துக்கு முதல் நாள் இராசேஸ்வரி வந்தா, அக்கா, சைக்கிள் கரியரில் ஒரு தகரப்பெட்டியோடு. வந்து இறங்கிய கையோடு என்னை மேலும் கீழும் பார்த்து, “ஐயா, உந்த நரைச்ச மீசையோடையோ தாரை வாக்கப்போறியள்?” என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்க முதல் கண்மையால் கறுப்பாக்கிவிட்டா. குசினியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தவர்களை முற்றத்துக்குக் கலைத்தா, வெளிச்சம் குசினியில்தான் நல்லதாம். பிறகு பெட்டியைத் திறந்தால் பொய்முடியை எலி வெட்டி வைத்திருக்கிறது! இடம்பெயர்ந்து போன வீடொன்றில் பெட்டி கிடந்தபோது நடந்த வேலையாம். முன்பக்கத்துக்கும் பின்னலின் மேலுக்கும் போதுமான முடி மிஞ்சியிருந்தது. “உள்ளுக்குத் திணிக்க ஏதும் தாங்கோ” என்றா. பஞ்சுக்கு எங்கே போவது? எனக்கு ஒரு யோசனை வந்தது. புதிதாக அடுக்கிய வைக்கோற்போரிலிருந்து நல்ல மெல்லிய வைக்கோலாக ஒரு கட்டு உருவிக்கொண்டுவந்து கொடுத்தேன். அவ அதைக் கமலாசனியின் பழைய கறுப்புப் பாவாடையில் சுற்றி, மேலே முடியைப் பரவி, ஒரு தொப்பியோடு சேர்த்துத் தைத்து, மல்லிகைச் சரத்தால் மூடினா. பார்த்தால் பின்னல்தான். நான் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

கலியாணத்தன்று காலை பின்னலை வைத்துக் கட்டுகிற நேரத்தில், இந்த மனுசி ரூபியின் கட்டை முடிக்கு எண்ணெய் வைத்து, வாரி, நேர்வகிடு எடுத்து, மல்லிகை மொட்டுக்களை ஒவ்வொன்றாகக் கறுப்பு நூலால் முடித்துக்கொண்டிருக்கிறா. முகூர்த்தம் நெருங்குகிறது. நான் வாசலில் நின்று, “பிள்ளை, மூடப்போற தலைக்கு ஏன் இவ்வளவு மினக்கேடு?” என்றேன். “நீங்கள் போய் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற அலுவலைப் பாருங்கோ ஐயா” என்று கதவைச் சாத்திவிட்டா. என் சொந்த வீட்டுக் கதவு! ஆனால் கதவு திறந்து ரூபி பின்னலும் பூவுமாக வெளியே வந்தபோது தலை நிமிர்ந்திருந்தது. காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் அவள் அப்படி நடந்தாள். எனக்குக் கண் கலங்கியது, மீசை அழியும் என்று துடைக்காமல் விட்டேன்.

தாலி ஏறியது. பிறகு ஐயர் கோதரிசனம் என்றார். பசுவையும் கன்றையும் மணமக்களுக்குக் காட்டுவதை நீங்கள் அங்கே எப்படிச் செய்கிறீர்களோ தெரியாது, இங்கே எங்கள் சிவப்பியை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். வீட்டில் எல்லோரும் பெண்ணைக் கவனித்ததில் சிவப்பிக்கு விடிந்ததிலிருந்து ஒருவரும் ஒரு பிடி வைக்கோலும் போடவில்லை. ரூபி குனிந்து கும்பிட்டாள். பின்னல் தோளால் சரிந்து சிவப்பியின் மூக்குக்கு முன்னால் தொங்கியது. அது தன்னுடைய வைக்கோற்போரை அடையாளம் கண்டுகொண்டது அக்கா! ஒரு இழுவை. தொப்பி, பூ, பின்னல் எல்லாம் மாட்டின் வாயில். ஐயரின் மந்திரம் நின்றுவிட்டது. மேளகாரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறார். ரூபி இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டாள். மாப்பிள்ளையின் தாயார் வாயைப் பொத்தினா. இனி ‘யோசிக்க’ப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய் மாட்டோடு இழுபறிப்பட்டேன்.

அப்போது குகதாசன் என் தோளைத் தொட்டார். “விடுங்கோ மாமா, அது தின்னட்டும்” என்றார். பிறகு அவளுக்குப் பக்கத்தில் தானும் குந்தி, “கையை எடும், பாப்பம்” என்றார். அவள் மெல்லக் கையை எடுத்தாள். வகிடு கலையவில்லை. மொட்டுக்கள் கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் அதது அந்தந்த இடத்தில் இருந்தது. “இவ்வளவு வடிவா வைச்சுக்கொண்டு ஏன் மூடினனீர்?” என்று அவர் கேட்டார். ரூபி அழுகையும் சிரிப்புமாக, “அப்பாதான் வைக்கோல் தந்தவர்” என்றாள். பந்தல் முழுக்கச் சிரித்தது, அந்தத் தாயாரும்தான். அதற்குப் பிறகு அவள் அம்மி மிதித்ததும் அருந்ததி பார்த்ததும் தன் சொந்தத் தலையோடுதான்.

ஆகவே யோசித்துப் பாருங்கோ. பாவாடையைத் தின்ற மாடு மூன்று நாள் அசை போடவில்லை, சந்தையில் என்னை ‘வைக்கோல் மாமா’ என்கிறார்கள், கண்மை இன்னும் மீசையை விட்டுப் போகவில்லை. இதெல்லாம் உங்களுக்கு ஏன்? நீங்களே வீட்டில் சேலையைக் கட்டி அனுப்புங்கோ.

நிரோசினியும் மாப்பிள்ளையும் பிள்ளைகுட்டிகளோடு சீரும் சிறப்புமாக வாழ, இங்கிருந்தே கை தூக்கி ஆசீர்வதிக்கிறேன். அத்தானைக் குளிரில் வெளியே திரியவேண்டாம் என்று சொல்லுங்கோ.

இப்படிக்கு,
அன்புத் தம்பி,
கனகலிங்கம்

பி.கு.: இதைக் கமலாசனிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “இராசேஸ்வரி ஏன் பின்னலுக்கு உள்ளுக்கும் சோடிச்சவா எண்டு உங்களுக்குத் தெரியுமோ?” என்றாள். முதல் நாள் ரூபி இராசேஸ்வரியிடம், “அக்கா, இரவைக்கு இதைக் கழட்டேக்கை அவர் என்ன நினைப்பார்?” என்று கேட்டு அழுதாளாம். “அப்ப அந்தத் தலையைத்தான் முதல் வெளிக்கிடுத்தவேணும்” என்று அவ சொன்னாவாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அக்கா, மேலே எழுதிய எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கோ. ஆளைப் பிடியுங்கோ. பிடிக்க முதல் ஒன்றே ஒன்றைக் கேளுங்கோ: எல்லாம் கழட்டி வைத்த பிறகு மிஞ்சுகிற எங்கள் பிள்ளையையும் வெளிக்கிடுத்துவாவோ என்று. ஓம் என்றால், நீங்கள் வாயே திறக்கவேண்டாம்.