செத்துப்போன கம்ப்யூட்டரும் வெண்கல உருளியும்

தாணுமாலையன் ஒரு பெரிய முடிவெடுத்தால் கௌசல்யாவுக்கு வேலை கூடும் என்று அர்த்தம். போன வருஷத்து முடிவு, மொட்டைமாடியில் காளான் வளர்ப்பது. காளான் முளைக்கவில்லை. மாடிப்படி முழுக்க வைக்கோல்தான் பரவியது. அதைக் கூட்டி அள்ளியவள் கௌசல்யா. இந்த வருஷத்து முடிவு, கம்ப்யூட்டரை முழுசாக வாங்காமல் பாகம் பாகமாக வாங்கித் தன் கையாலேயே பூட்டுவது.

"ஒனக்காகத்தான் கௌசி," என்றார். "நீ சமையல் வீடியோ போடுகியே. போன்ல வெட்டி ஒட்டிக் கண்ணு போவுது. கம்ப்யூட்டர் இருந்தா நிமிஷ வேலை."

அதில் பாதி உண்மை. மீதிப் பாதி பீரோவில், அவருடைய பழைய சட்டைகளுக்கு அடியில் கிடந்தது: விமானம் ஓட்டும் விளையாட்டுக்கான கைப்பிடி. நாற்பத்தொன்பது வயதாகியும் தாணுமாலையன் விமானத்தில் ஏறியதில்லை. பத்மநாபசுவாமியின் ஆராட்டு ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதை வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்கு நீராடப் போகுமே, ஒரு வருஷம் பாஸ் வாங்கி அதன் பின்னால் நடந்தார். ஓடுபாதையை அவர் கால் மிதித்தது அன்றைக்கு மட்டும்தான். அன்றே மனசில் ஓர் ஆசை ஏறிக்கொண்டது. கடல் பக்கமாகத் தாழ்ந்து வந்து, அதே ஓடுபாதையில், தன் கையால் ஒரு விமானத்தை இறக்க வேண்டும். கம்ப்யூட்டரிலாவது.

கரமனை வீட்டின் முன்னறையில் செய்தித்தாளை விரித்து மூன்று சாயங்காலம் வேலை நடந்தது. தாணுமாலையன் ஒரு மருத்துவமனையில் ஸ்டோர் சூப்பர்வைசர். எதையும் பெயர் சொல்லி, உபயோகம் சொல்லித்தான் எடுத்து வைப்பார். கௌசல்யா போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது என்னது, சீப்பு மாதிரி?"

"மெமரி. இது இல்லேன்னா கம்ப்யூட்டருக்குத் தான் யாருன்னே தெரியாது. இந்தக் காடியில வச்சு ரெண்டு பக்கமும் அமுக்கணும். டிக்குன்னு கேக்கணும். பாத்துக்கோ."

"எனக்கு எதுக்கு?"

"தெரிஞ்சு வச்சுக்கோ. நாளைக்கு நான் இல்லேன்னா?"

"நீங்க இல்லேன்னா நான் நிம்மதியா போன்லயே வெட்டுவேன்."

புதன்கிழமை சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டார். ஃபேன் சுற்றியது. உள்ளே விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் அமாவாசையாக இருந்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல்ல."

"அதத்தான் கேக்கேன். ஏன் ஒண்ணும் ஆகல்ல?"

தாணுமாலையன் தொண்டையைச் செருமினார். பாடம் நடத்தப் போகிறார் என்று பொருள். "கோளாறு கண்டுபிடிக்கதுக்கு ஒரு முறை உண்டு, கேட்டியா. எடுத்த எடுப்புல ஸ்க்ரூவக் கழத்தப்பிடாது. மொதல்ல என்ன செய்யணும்? ஸ்விட்சப் போட்டுப் பாக்கணும். மொதப் பாடமே அதுதான். மத்ததெல்லாம் பெறகு."

முதல் பாடத்தை ஏழு தடவை படித்தார். அமாவாசை போகவில்லை. ஒயரை மாற்றினார், மானிட்டரை இடம் மாற்றினார், கடைசியில் சட்டையையும் மாற்றினார். வியர்த்து நனைந்துவிட்டது.

மறுநாள் கௌசல்யா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அடுத்த வீட்டு பிபினுக்கு போன் போட்டார். பிபின் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவன். தமிழும் மலையாளமும் அவன் வாயில் ஒரே பாத்திரத்தில் வேகும்.

"சேட்டா, ஃபேன் சுத்துதோ?"

"சுத்துது."

"போர்டுல சிவப்பு லைட் வல்லதும் உண்டோ?"

"மெமரிக்குப் பக்கத்துல ஒண்ணு எரியுது."

"அப்போ மெமரி சரிக்கு ஒக்காரல்ல சேட்டா. ஊரிட்டு நல்லா அமர்த்தி வையி. அவ்வளவே உள்ளு."

உருவினார். திரும்ப வைத்து அமுக்கினார். ஒரு பக்கம் டிக். மறு பக்கமும் டிக். ஸ்விட்சைப் போட்டார். மானிட்டரில் வெளிச்சம் வந்தது! தாணுமாலையன் முன்னறையில் தன்னந்தனியாக ஒரு சுற்று ஆடினார். கௌசல்யா வந்ததும் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றுதான் அப்போது நினைத்தார். அந்த நினைப்பிலேயே விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

போன் அடித்தது. நாகர்கோவிலிலிருந்து மைத்துனன் செல்வகணேஷ்.

"அத்தான், ஞாயித்துக்கிழம புது வீட்டுப் பால்காய்ச்சு, மறந்துராதீங்க. மத்தியானம் நாலு பந்தி. சாம்பார் வழக்கம் போல ஒங்க கையிலதான்."

மாமனார் வீட்டு விசேஷம் எதுவானாலும் சாம்பார் வாளி தாணுமாலையன் கைக்கு வந்துவிடும். 'அத்தான் கைக்குத்தான் அளவு தெரியும்' என்று ஒரு பாராட்டு வேறு. அந்தப் பாராட்டுக்காக அவர் இதுவரை இழந்தவை மூன்று வெள்ளை வேட்டிகளும் தோளில் போடும் ஒரு பட்டுக்கரை நேரியலும்.

மானிட்டரைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. கௌசல்யா நாகர்கோவிலில். அவர் ஆகாயத்தில். நினைக்கும்போதே உடம்பு லேசாகிவிட்டது.

கம்ப்யூட்டரை அணைத்தார். மெமரியை உருவிக் கைக்குட்டையில் பொதிந்தார். கேபினட்டின் மூடியைத் திருகி முறுக்கினார். கைக்குட்டையை எங்கே ஒளிப்பது? அலமாரி அவள் ராஜ்யம். அடுக்களை அவள் ராஜ்யம். மெத்தையைத் தினமும் உதறுவாள். அண்ணாந்து பார்த்தார். பரணில், செய்தித்தாள் சுற்றிய, வாயகன்ற ஒரு வெண்கல உருளி. போன மாசம் சாலைக் கடைத்தெருவில் கௌசல்யா வாங்கியது. பரணில் ஏற்றி வைத்ததே அவர்தான். ஏற்றும்போது அதைப் பற்றி அவள் என்னமோ சொன்னாள். அவர் காதில் ஹெட்போன். கம்ப்யூட்டர் பூட்டுவது எப்படி என்று ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். "ம்" என்றார். இருபத்திரண்டு வருஷ இல்லறத்தில் அவர் போட்ட 'ம்'களில் அதுவும் ஒன்று.

ஆக, யாரும் தொடாத உருளிக்குள் மெமரி போய்ச் சேர்ந்தது.

கௌசல்யா வந்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "மதர்போர்டு போச்சு கௌசி."

"எங்க போச்சு?"

"செத்துப் போச்சு. கடையிலேருந்து ஆளு ஞாயித்துக்கிழமதான் வருவானாம். நான் வீட்டுல இருந்தாகணும். நீ மட்டும் பால்காய்ச்சுக்குப் போய்ட்டு வா. எனக்கும் மனசு கேக்கல்ல, என்ன செய்ய?"

மனசு கேட்காதவர் அன்றைக்கு ஒரு தோசை கூடுதலாகத் தின்றார். அதைக் கௌசல்யா கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது வாசலில் பிபின் நின்றான். பக்கத்தில் கௌசல்யா. "நான்தான் கூப்பிட்டேன். பிபினுக்குத் தெரிஞ்ச தொழில்லா."

தாணுமாலையன் பாய்ந்துபோய்க் கேபினட்டுக்கு முன்னால் கையை விரித்து நின்றார். "தொடாதே! கரண்ட் இருக்கும்!"

"ஸ்விட்ச் ஆஃப் ஆணல்லோ சேட்டா."

"உள்ள மிச்சம் தங்கி இருக்கும்."

"மெமரி ஊரி அமர்த்தி நோக்கியோ? நான் நேத்தே போன்ல பறஞ்சல்லோ."

"நோக்கி, நோக்கி. எல்லாம் நோக்கியாச்சு. நீ சாயா குடிக்கியா? வா, கடையில போய்க் குடிப்போம்."

வீட்டிலேயே சாயா போடத் தெரிந்த மனைவி பக்கத்தில் நிற்க, ஒரு மனுஷனைத் தோளில் கைபோட்டுத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அதையும் கௌசல்யா கவனித்தாள்.

சனிக்கிழமை அவர் வேலை முடிந்து வந்தபோது, அவள் பயணப்பை கட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியளா, கடைசியா ஒரு தடவ அந்த ஸ்விட்சப் போட்டுப் பாருங்களேன்."

"செத்தத எழுப்பச் சொல்லுகியா?"

"ஒரே ஒரு தடவ. காசா பணமா?"

"இது என்ன மிக்ஸியா, தட்டித் தட்டி ஓட்டதுக்கு? ஆளு வராம தொடப்பிடாது."

"சரி. நான் ரெண்டு தடவ சொல்லியாச்சு. நீங்க மாட்டேன்னுட்டியளே. பெறகு என்னக் குத்தம் சொல்லப்பிடாது."

"ம்," என்றார் தாணுமாலையன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாடகைக் கார் வந்தது. சோகமாகக் கையசைத்தார். கார் தெருமுனை திரும்பியதும் சோகமும் திரும்பிப் போய்விட்டது. கதவைத் தாழ்ப்பாள் போட்டார். குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். பைலட் அழுக்குச் சட்டையோடு போகலாமா? ஃபிளாஸ்க்கில் காப்பி, தட்டில் முறுக்கு, மேஜையில் கைப்பிடி. "பயணிகள் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளவும்," என்று காலி வீட்டுக்குக் கேட்கும்படி ஒருமுறை சொல்லியும் பார்த்தார். பிறகு ஸ்டூலில் ஏறிப் பரணில் கைவிட்டார்.

ஊறுகாய் ஜாடி இருந்தது. ஓட்டைக் குடை இருந்தது. கொசுவலை இருந்தது. உருளி இல்லை.

ஊறுகாய் ஜாடிக்குள்ளும் பார்த்தார். ஸ்டூலில் நின்றபடியே போன் போட்டார்.

"கௌசி! பரண்ல இருந்த உருளி எங்க?"

"இங்க, அடுப்புல. தம்பி வீட்டுப் பால்காய்ச்சுக்கு அக்கா உருளி கொண்டு போணும்லா? அதுக்குத்தான் வாங்குனேன். பரண்ல ஏத்தும்போதே சொன்னேனே, நீங்களும் 'ம்'முன்னியளே."

தாணுமாலையனுக்கு ஸ்டூல் ஆடியது. "அதுக்குள்ள ஒரு... ஒரு பொதி இருந்துதா?"

"ஒங்க கைக்குட்டையில பொதிஞ்சதா? பாத்தேனே."

"அது எங்க?"

"பத்திரமா இருக்கு. பயப்படாதீங்கோ."

"எங்கன்னு சொல்லேன்!"

"மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல்ல. நேருல வாங்கோ, சொல்லுகேன்."

போனை வைத்துவிட்டாள். இனி ஒரே வழிதான். போகப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வாசலில் நின்றபடியே பொதியை வாங்கித் திரும்பிவிட்டால், பொழுது சாய்வதற்குள் ஒரு விமானமாவது இறக்கலாம். ஃபிளாஸ்க்கை அப்படியே விட்டுவிட்டுக் கரமனை ஸ்டாப்புக்கு ஓடினார். நாகர்கோவில் வரைக்கும் நின்றுகொண்டே போனார்.

புது வீட்டு வாசலில் கால் வைத்ததுதான் தாமதம்.

"அத்தான் வந்தாச்சு!" என்று செல்வகணேஷ் கூவினான். "எனக்குத் தெரியும், நீங்க வராம இருக்க மாட்டியோன்னு. கம்ப்யூட்டரு கெடக்கு, நமக்குச் சொந்தம்லா பெரிசு!" மறு நிமிஷம் கையில் சாம்பார் வாளி.

முதல் பந்திக்கும் இரண்டாம் பந்திக்கும் நடுவே அடுக்களைக்குள் நழுவினார். அடுப்பில் அதே உருளி, பளபளவென்று. உள்ளே பால் பாயசம் தளதளத்தது. அகப்பையை எடுத்து அடிவரை துழாவினார். முந்திரிதான் வந்தது. மறுபடியும் துழாவினார்.

"மாப்பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு!" என்றாள் அடுப்படியில் நின்ற மாமியார். "அடி பிடிக்காம கிண்டுகாரு."

நாலாம் பந்தியும் முடிந்தது. நாலாவது வேட்டியும் முடிந்தது. மணி மூன்றரை. கடைசி இலையில் உட்கார்ந்த தாணுமாலையனுக்குக் கௌசல்யாவே விளம்ப வந்தாள்.

"இப்பவாவது சொல்லு. எங்க அது?"

"எது? அந்தச் சீப்பா?" அவள் சோற்றை நிதானமாக வைத்தாள். "நேத்து உருளியத் தேய்க்க எறக்கும்போது கையில தட்டுச்சு. நீங்கதான் சொல்லித் தந்தியளே. மூடியக் கழத்தி, காடியில வச்சு அமுக்குனேன். ரெண்டு பக்கமும் டிக்குன்னுது. ஸ்விட்சப் போட்டேன், படம் வந்துது. அணைச்சு, மூடியத் திருகி வச்சுட்டேன்."

"நேத்தா? அப்போ அது இப்ப..."

"நம்ம வீட்டுல, மிஷினுக்குள்ளதான் இருக்கு."

"பாவி! நான் காலையில வீட்டுலதானே இருந்தேன்!"

கௌசல்யா சாம்பார் வாளியை எடுத்தாள். இலையில் அளவாக ஒரு கரண்டி ஊற்றினாள்.

"மொதப் பாடத்தப் படிச்சிருந்தா இப்பவும் அங்கதான் இருந்திருப்பியளே."