குவார்க்கைக் கூப்பிட்ட பேராசிரியர்

வேலை ஒண்டும் பெரிசில்லை. தயிர் வாங்கோணும். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளிலை நான் ஜேர்மனியிலை, லைப்சிக்கிலை அக்கா வீட்டிலை இருந்தனான். அண்டைக்குச் சனிக்கிழமை. என்னைப் பாக்கப் பொம்பிளை வீட்டார் பிராங்பேர்ட்டிலை இருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகினம்.

"பச்சடிக்கு ரெண்டு டப்பா தயிர் வாங்கிக்கொண்டு ஓடியா. கடை பூட்டப்போறான்!" எண்டா அக்கா.

கடைக் குளிர்பெட்டியிலை எல்லாம் வெள்ளை டப்பா. ஒண்டிலை 'யோகூர்ட்' எண்டு கிடந்துது. ஊரிலை யோகட் எண்டா இனிப்பெல்லோ! அதை விட்டிட்டன். பக்கத்திலை 'குவார்க்'. அது என்ன சாமானோ!

அந்த நேரம் பாத்து எங்கட மேல்வீட்டுப் பேராசிரியர் வந்தார். பழைய ஸ்லாவ் மொழியள் படிப்பிக்கிறவர்.

எனக்குத் தெரிஞ்ச டொய்ச்சிலை, "குவார்க் எண்டா என்ன?" எண்டு கேட்டன்.

மனுசன்ர முகம் மலர்ந்திட்டுது.

"அது டொய்ச் சொல்லே இல்லை! ஸ்லாவ் ஆக்களிட்டை வாங்கினது. மூலச்சொல் 'த்வரோகு'. 'உருவாக்கிறது' எண்ட சொல்லுக்குச் சொந்தம்."

குளிர்பெட்டியின்ர ஆவி படிஞ்ச கண்ணாடியிலை அந்தச் சொல்லை விரலாலை எழுதி, முன்னாலை ஒரு நட்சத்திரமும் போட்டார்.

"நட்சத்திரம் ஏன்?"

"இந்தச் சொல்லை ஆரும் எழுதி நாங்கள் காணேல்லை. கணிச்சு எடுத்தது."

"எனக்கு ரெண்டு டப்பா..."

"ரெண்டோ? அருமை! ஒண்டுக்கு ஒரு உருவம், ரெண்டுக்கு வேறை, மூண்டுக்கு இன்னொண்டு!"

பிறகு வேற்றுமை வேற்றுமையா அடுக்கினார். கடைசியிலை கையை உயத்தி, "கூப்பிடுறதெண்டா இப்பிடி! த்வரோஜே!" எண்டு கத்தினார்.

காசு வாங்கிற மனிசி திடுக்கிட்டுத் திரும்பினா. "என்னையோ கூப்பிட்டனீங்கள்?"

"இல்லை, குவார்க்கைக் கூப்பிட்டவர்," எண்டன்.

அவ கதவைப் பூட்டத் திறப்பை எடுத்தா.

"பேராசிரியர், ஒண்டே ஒண்டு! இது புளிக்குமோ?"

"தெரியாதே. பால்சாமான் என்ர வயித்துக்கு ஒத்துவராது."

ரெண்டு குவார்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடினன்.

குவார்க் தயிரில்லை, தண்ணி வடிச்ச பாற்கட்டி. பச்சடியிலை கரண்டி நட்ட மாதிரி நிண்டுது. அக்கா என்னைப் பாத்த பார்வை! பொம்பிளையின்ர அப்பா ஒரு கட்டியைக் கிள்ளிப் பாத்து, "தம்பி, இது என்ன?" எண்டார்.

பதட்டத்திலை வாய் தானாத் திறந்திட்டுது. நட்சத்திரத்திலை துவங்கி வேற்றுமை முழுக்கச் சொல்லி முடிய, சோறு ஆறிப்போச்சு. பொம்பிளை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா.

வெளிக்கிடேக்கை பொம்பிளையின்ர அப்பா அக்காவிட்டைச் சொன்னார்: "பெடியன் நல்ல அறிவாளி. ஆனா கடைக்கு மட்டும் அனுப்பாதேங்கோ."

கலியாணம் நடந்துது. இண்டைவரைக்கும் கடைக்கு என்ர மனிசிதான் போறா.