காற்றுமானி மீட்ட நெவென்கா

அலைகடல் நடுவே ஆடிநின்று, நீரின் சூடும் உப்பும் காற்றின் விசையும் நிமிடந்தோறும் தானே அளந்து, நான்கு நாட்டுத் துறைமுகத் திரைகளுக்கு அக்கணமே அனுப்பும் மஞ்சள் மிதவையின் காவல்தலைவி, திருப்புளி ஏந்திய கையள், பழுதுக்கு அஞ்சா நெஞ்சினள், தால்மாசியத் தீவின் நெவென்கா வாழ்க!

அம்மிதவையின் உச்சியில், மூன்று கிண்ணங்கள் சுழன்று காற்றின் வேகம் உரைக்கும் காற்றுமானியை, வெண்சிறைப் பெருமாற்றான், மஞ்சட்கால் வேந்தன், மத்திமீன் உண்டு மதர்த்த கடற்காகம் ஒன்று அன்று நண்பகலில் அரியணையெனக் கொண்டு அமர்ந்தது. கிண்ணங்கள் நின்றன. தென்கிழக்கே யூகோ என்னும் புயற்காற்று படைதிரட்டி வர, ஸ்பிலிட்டிலும் பாரியிலும் கோட்டோரிலும் துரெஸிலும் திரைகள் ஒருமித்துச் சுழியம் என்றன. மலைமுனைக்குப் பின்னே ஒதுங்கிய தீவுத் துறைமுகத்திலோ இலையும் அசையவில்லை. மூன்று மணிக்கு இருபது சிறார் ஆளுக்கொரு பாய்ப்படகில் போட்டிக்குப் புறப்பட இருந்தனர்.

சுழியம் கண்டு ஐயுற்ற நெவென்கா, மீனவர் பார்துலின் படகேறி மிதவையை அடைந்தாள், மாற்றானைக் கண்டாள், போட்டி அதிகாரியைக் கைபேசியில் அழைத்தாள்.

"ஐயா, போட்டிய நிறுத்துங்க. இங்க காத்து ஆளத் தூக்குது."

"திரையில சுழியம்னு இருக்கேம்மா. நீ சொல்றத நம்பவா, கருவி சொல்றத நம்பவா?"

"கருவிய வச்சவளே நான்தாங்க! அதும்மேல பறவை உக்காந்திருக்கு!"

"அப்போ பறவைய எறக்கிட்டுச் சொல்லு."

மூண்டது போர். துடுப்பென்னும் வேலை ஓங்கினாள்; வேந்தன் ஒரு காலை மடக்கிக்கொண்டான். படகின் ஊதலைச் சங்கென முழக்கினாள். அவன் அதனினும் உரக்க முழங்கினான். வாளி நீரைக் கணையெனத் தொடுத்தாள். பாதியைக் காற்று அவள் முகத்திலேயே திருப்பி அறைந்தது, மீதியில் அவன் இறகு கோதினான்.

"கால் கழுவ வந்த வேலைக்காரின்னு நெனச்சுட்டான் பொண்ணே," என்றார் பார்துல். "துண்டு கேப்பான், பாரு."

மணி இரண்டு ஐம்பது. இடைக்கயிற்றைக் கொக்கியில் மாட்டி, குதிரையெனத் துள்ளும் மிதவைமேல் தாவி, ஏணி பற்றி ஏறி, முகத்துக்கு முகம் நின்று அவள் முழங்கினாள்: "கேள், கடற்காகமே! இது உன் இருக்கையல்ல; இருபது தாய்மாரின் நிம்மதி! இறங்கு!"

வேந்தன் அவள் கட்டைவிரலைக் கொத்தினான். குருதி வழிந்த அக்கையாலேயே அவன் காலைப் பற்றி இழுத்தாள். அக்கணம் அவன், தன் குலத்தின் இறுதிப் படைக்கலமாகிய அரைச்செரிமான மத்திகளை அவள் சிரமீது முழுமையாகப் பொழிந்து, வானேறி மறைந்தான்.

கிண்ணங்கள் சுழன்றன. நான்கு நாட்டுத் திரைகளிலும் நொடிக்குப் பதினான்கு மீட்டர் என எண் எழுந்தது. கரையில் ஒலிபெருக்கி அலற, இருபது பாய்களும் விரியுமுன் சுருண்டன. கைபேசி ஒலித்தது.

"கருவி சொல்லிடுச்சும்மா. காத்து பலமாம். பாத்து வா."

நெவென்கா வீட்டுக்குப் போய்க் குளித்தாள்.