ஸ்டோக் என்றால் விறகு போடுவது மட்டுமா?

இதை எழுத நான்கு வருடம் தயங்கினேன். இன்று மாரியம்மனுக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆத்தா பார்த்துக்கொள்ளட்டும்.

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில், தூள் காய்கிற மெஷினுக்கு அனல் கொடுக்கும் அடுப்பில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் மகள் சுபாஷினியின் பள்ளிக்கூடத்தில் ஆங்கில தினம் வந்தது. ஆளுக்கொரு ஆங்கிலச் சொல்லை மேடையில் விளக்க வேண்டும். முதலாவதாக வருகிற பிள்ளை வலயப் போட்டிக்குப் போகும். அவள் என் வேலையையே எடுத்தாள்: ஸ்டோக். ஆங்கிலம் படிப்பிக்கிற சேர் ஒரு தாளில் எழுதிக்கொடுத்த அர்த்தம், "அடுப்பில் விறகு போடுதல்." கோபத்தை வளர்ப்பதற்கும் அதே சொல்தானாம். அது இருக்கட்டும். விறகு போடுதலாம்! சாம்பலை இழுப்பது யார்? தணலைப் பரப்புவது யார்? காற்று வாயை எத்தனை விரல் திறப்பது என்று அந்தத் தாளில் இருக்கிறதா? (சூடு பிசகினால் ஃபெக்டரியை நடத்துகிற டீமேக்கர் என்னைத்தான் ஏசுவார், அகராதியை ஏசமாட்டார்.)

ஆங்கில தினத்தன்று நெற்றியில் திருநீற்றுப் பட்டை போட்டுக்கொண்டு போய் சேரிடம், அர்த்தம் பத்தாது என்றேன். அவர் சிரித்தார்.

"வெறகு போடுறதுல இதுக்கு மேல என்னாண்ணே இருக்கு?"

அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. மண்டபத்தை ஒட்டின கொட்டகையில் அம்மாமார் விருந்தினருக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். நேரே போய் சாம்பலை இழுத்தேன், கட்டைகளுக்கு இடைவெளி விட்டேன். நெருப்பு ஃபெக்டரியைப் போலவே இரைந்தது. கைப்பழக்கத்தில் அடுப்புக் கதவையும் சாத்தினேன். அதாவது, கதவு இல்லாததால் ஒரு தகரத்தை முட்டுக்கொடுத்தேன். ஃபெக்டரியில் புகை போகக் குழாய் உண்டு. இங்கே புகை வழி தேடி, மண்டப ஜன்னலைக் கண்டுபிடித்தது. மேடையில் அப்போது என் மகள்.

எல்லோரும் இருமிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவந்தார்கள். சேர் கண்ணைத் துடைத்தபடி சொன்னார்:

"அண்ணே, நீங்க வெறகு மட்டும் போட்டிருக்கலாம்."

சுபாஷினி அழவில்லை. "அப்பா, அந்தத் தகரத்த எடுங்க மொதல்ல" என்றாள். பிறகு நடுவர்களிடம் கேட்டு, மைதானத்திலேயே முதலிலிருந்து பேசினாள். கையில் சேர் கொடுத்த தாள் இல்லை. சாம்பலை இழுப்பதைப் போலக் கையைக் காட்டினாள், விரல் வைத்து அளந்தாள். அவள் பேசிய ஆங்கிலத்தில் எனக்கு விளங்கியது ஸ்டோக் ஒன்றுதான். சேர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாமிடம். முதலிடம் குடையைப் பற்றிப் பேசிய பிள்ளைக்கு. அப்போது தூறிக்கொண்டிருந்தது, நடுவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இல்லை, சொல்வேன்.

இன்றைக்கும் நான் அடுப்பங்கரைப் பக்கம் போனால், மனைவி வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு மகளைக் கூப்பிடுவாள்: "பேச்சு ஏதும் இருந்தா இப்பவே பேசி முடிச்சிரும்மா."

அதைப் பொறுப்பேன். நாங்கள் குடியிருக்கிற லயத்தில் சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தையே நான் கொளுத்திவிட்டேனாம். எரிந்தது ஒரு பானைப் பொங்கலின் அடி மட்டும். நீங்கள் யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அந்த அடியைச் சுரண்டித் தின்ன பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அதையும் விட்டுவிடாதீர்கள்.