மலையைச் சுற்றி வந்த துண்டு

பெரிய உத்தியோகம் பார்த்து, மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, "இனிமே அண்ணாமலையார் காலடிதான்" என்று திருவண்ணாமலைக்கு மூட்டை கட்டி வரும் ஒரு ரகம் உண்டு; உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மூட்டையில் எல்லாம் வரும், ஆபீஸ் நாற்காலி மட்டும் வராது. அதனால் ஆசாமி அதிலிருந்து இறங்கிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள்.

நயா பைசா வந்த மறு வருஷம், ஊரை ஒட்டிய வேங்கிக்கால் பக்கம் இப்படிப் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு காலனி கட்டினார்கள். மாடி வீடுகள், பூப்பந்து மைதானம், இங்கிலீஷ் பேப்பர் படிக்க ஒரு கொட்டகை, வெயிலுக்கு வெட்டிவேர்த் தட்டி. பேரப்பிள்ளைகள் மூன்று நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று விதி வேறு. தலைவர் உமாமகேஸ்வரன், முன்னாள் டெப்டி கலெக்டர். காலையில் பேப்பர் மூலையில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பிரிப்பார். தயிர் உறையவில்லையென்றால் சமையல்கட்டிடம் விளக்கம் கேட்பார். சமையல்கட்டு என்பது அவர் சம்சாரம் தர்மாம்பாள்.

அந்த அம்மாளுக்கு ஒரே ஒரு வேண்டுதல் பாக்கி. மகள் டைபாய்டில் கிடந்தபோது, பிழைத்தால் புருஷனோடு மலையைச் சுற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டது. மகள் பிழைத்து, இரண்டு பிள்ளையும் பெற்றாயிற்று. அம்மாளின் முழங்கால்தான் நாளுக்கு நாள் மோசம். இப்படியே தள்ளிக்கொண்டு போனால், மலையைச் சுற்றி எட்டரை மைல் நடக்கவே முடியாது.

மலையடிவாரத்துக்கே வந்தாச்சு, ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்துக் கிளம்ப வேண்டியதுதானே என்பீர்கள். கிளம்புவாரா? தலைவர் தனியாகப் போனால் என்ன மரியாதை? காலனியே ஊர்வலமாகப் போக வேண்டும். போனால் முன்னால் நடப்பது யார், இவரா, முன்னாள் எஞ்சினீயர் அம்பலவாணனா? இதற்கு ஏழு கூட்டம், ஒரு துணைக்குழு. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஒருவழியாக ஒரு செவ்வாய்க்கிழமை, விடிகிற நேரம், எல்லாரும் கோபுர வாசலில் செருப்பில்லாமல் கூடினார்கள். தேங்காயை யார் உடைப்பது?

"சம்பளத்துல நான் ஜாஸ்தி" என்றார் எஞ்சினீயர்.

"சர்வீஸ்ல நீங்க கம்மி" என்றார் தலைவர்.

வெயில் ஏறிற்று. காலனிக்குப் பால் ஊற்றிவிட்டு, மலை சுற்றும் பாதையிலுள்ள அடி அண்ணாமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஆராயி, இந்தக் கூத்தைப் பார்த்து நின்றாள்.

"மலையச் சுத்துறதுல முன்ன என்னாம்மா, பின்ன என்னா? நான் கூட வர்றேன், வாங்க."

தர்மாம்பாள் புருஷனைப் பார்த்தாள். "கிளம்பலாங்களா?"

"பேசிக்கிட்டிருக்கோம்ல" என்றார் அவர், திரும்பாமலே.

அம்மாள் அவர் தோளிலிருந்த துண்டை மெல்ல உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "சாமி, இவரும் வந்துட்டாருன்னு வச்சுக்கோ" என்று கும்பிட்டாள், நடந்தாள். அவருக்கு அதுகூடத் தெரியவில்லை!

ஆராயி வீட்டில் மோர் குடித்து, நாலு இடத்தில் உட்கார்ந்து, நொண்டி நொண்டி அம்மாள் கோபுர வாசலுக்குத் திரும்பி வந்தபோது மணி இரண்டு. கூட்டம் நிழலுக்கு மாறியிருந்தது. தேங்காய் முழுசாக இருந்தது.

"யாரைக் கேட்டு நீ போன?" என்றார் தலைவர்.

அம்மாள் புழுதித் துண்டை அவர் தோளில் போட்டாள். "நீங்க ரிட்டயராயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுதுங்க. யாரைக் கேக்கணும்?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் ஆசையாக ஏதோ கேட்டாரே, அதற்கு "பார்க்கலாம்" என்று சொன்னது யார்? அவர் இப்போது வீட்டில்தான் இருக்கிறாரா என்று ஒரு தரம் எட்டிப் பாருங்கள்.